ஒரு நாற்காலிக்கு இரண்டு சம்மதக் கடிதங்கள்

அரசாங்கக் கணக்குப்படி நாட்டில் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாலங்கள் இருக்கின்றன. எந்தப் பாலத்தின் எந்தத் தூணில் விரிசல் விட்டிருக்கிறது, எதன் கைப்பிடி துருப்பிடித்திருக்கிறது, எதன் அடியில் லாரிக்காரர்கள் மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதையெல்லாம் கோப்பைத் திறக்காமலே சொல்லக்கூடிய ஒரே ஆள் அரசாங்கத்தில் இல்லை. அரசாங்கக் கட்டடத்தில் இருக்கிறாள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அவளுடைய பதினான்கு வருடங்கள் போயிருக்கின்றன.

பாலம் மேடம் என்றால் நான்காம் மாடியில் யாருக்கும் தெரியும். ஐம்பத்தோரு வயது, தடித்த கண்ணாடி, நடந்தால் சத்தம் வராத செருப்பு. ஊர் ஊராகப் பரிசோதகர்கள் பாலங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை அனுப்புவார்கள். அதை வரி விடாமல் படித்து, சந்தேகமிருந்தால் திருப்பி அனுப்பி, எதை முதலில் பழுதுபார்க்க வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. இத்தனை பாலங்களில் அவள் நேரில் பார்த்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்றின் மேல்தான் அவளுடைய பஸ் தினமும் போகிறது. அந்த ஒன்றரை நிமிடமும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் பிரார்த்தனை என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். அந்தப் பாலத்தின் அறிக்கையைப் படித்தவர்களுக்கு அதற்கு மேல் தைரியம் வராது.

அவளுக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு பெரிய கம்பெனி. அரசாங்கத்தால் செய்ய முடியாதது, செய்ய ஆளில்லாதது, செய்ய மனசில்லாதது ஆகிய மூன்றையும் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்வது அதன் தொழில். நாற்பதாயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். மாதா மாதம் முதல் தேதியன்று கம்பெனித் தலைவரிடமிருந்து ஈமெயில் வரும். 'நம் குடும்பத்தினருக்கு' என்று ஆரம்பிக்கும். அந்தக் குடும்பத்தில் அவள் முகம் பார்த்துப் பேசியது ஒரே ஒருவரிடம்தான். திட்ட மேலாளர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார், வரும்போது ஒரு பிஸ்கட் டின் கொண்டுவருவார், 'எல்லாம் நல்லாப் போகுதில்ல?' என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் லிஃப்ட் பட்டனை அமுக்கிவிடுவார். அவருக்குப் பிஸ்கட் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நான்காம் மாடியில் இரண்டு ஜாதி. அரசாங்க ஊழியர்களின் கழுத்தில் நீலப் பட்டை, கம்பெனி ஆட்களின் கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை. மேஜை, ஜன்னல், கழிப்பறை, காபி மெஷின் எல்லாம் பொது. உத்தரவு மட்டும் பொது இல்லை. அரசாங்க அதிகாரி கம்பெனி ஆளுக்கு நேராக வேலை சொல்லக் கூடாது. சொன்னால் அந்த ஆள் அரசாங்க ஊழியர் மாதிரி ஆகிவிடுவாராம், பிறகு வழக்குப் போட்டுப் பென்ஷன் கேட்பாராம். வேலை சொல்ல வேண்டுமானால் மேலாளருக்கு எழுதி, மேலாளர் ஆளுக்கு எழுத வேண்டும். பிஸ்கட்டுக்கு எழுதினால் பதில் வர நான்கு நாள். பாலம் அதுவரை நிற்க வேண்டுமே! அதனால் பிரிவு அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நீலப் பட்டையைத் தடவிக்கொண்டு அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று ஜன்னலிடம் பேசுவார்.

"வடக்கேயிருந்து பன்னிரண்டு அறிக்கை வந்திருக்காம். சாயங்காலத்துக்குள்ள யாராவது பாத்தாங்கன்னா நல்லாருக்கும்."

"யாராவது பாப்பாங்க சார்" என்பாள் அவள், கம்ப்யூட்டர் திரையிடம்.

பதினான்கு வருடத்தில் இருவரும் ஒரு முறைகூட வேலை விஷயமாக ஒருவரையொருவர் பார்த்துப் பேசியதில்லை. அதைவிட ஒற்றுமையாக வேலை பார்த்த இரண்டு பேரை அந்த மாடியில் காட்டுவது கஷ்டம்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கான்ட்ராக்ட் முடியும். புது டெண்டர் விடுவார்கள். அப்போது ஆரஞ்சுப் பட்டைக்காரர்களெல்லாம் கலங்கிப் போவார்கள். கலங்காத ஒரே ஆள் மூணாம் மேஜை. மூன்றாவது மேஜைக்காரர் என்பதால் அந்தப் பெயர். அவளைவிட இரண்டு வயது சின்னவர். அறிக்கைகளோடு வரும் போட்டோக்களைப் பாலம் வாரியாகப் பிரித்து வைப்பவர். கான்ட்ராக்ட் கை மாற மாற அவரும் மாறினார்.

"நாலு கம்பெனி மாறிட்டேன், இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிச்சதே இல்ல" என்பார். "கம்பெனிதான் வரும் போகும். நாம ஃபர்னிச்சர் மாதிரி."

இந்த முறை டெண்டர் அறிவிப்பில் ஒரு புது விஷயம் இருந்தது. மூன்று பேரை 'முக்கியப் பணியாளர்' என்று பெயர் போட்டுக் காட்ட வேண்டும், அவர்களுடைய பயோடேட்டாவையும் சம்மதக் கடிதத்தையும் டெண்டரோடு இணைக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. கம்பெனியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"முக்கியப் பணியாளர்னு போட்டிருக்காங்க."

"யாரை?" என்றார் கணவர்.

"என்னைத்தாங்க."

"அட! இத்தனை நாளா முக்கியமில்லாமத்தான் பஸ் புடிச்சு ஓடிட்டிருந்தியா?"

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலையிலிருந்து மாலை வரை, பிரேக் எது ஆக்சிலரேட்டர் எது என்று தெரியாதவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது அவர் பிழைப்பு. தெருவில் எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அப்படிப்பட்ட வேலை பார்ப்பவருக்கு ரத்த அழுத்தம் கிடையாது, தூக்கத்துக்கும் குறைவு கிடையாது. அசையாத நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மனைவிக்குத்தான் இரண்டு வேளை மாத்திரை.

கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை அனுப்பிவிட்டாள். இரண்டு வாரம் கழித்து போட்டிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆள் பிடித்துக் கொடுப்பவள். குரலிலேயே சிரிப்பு.

"அக்கா, ஒருவேளை நாங்க ஜெயிச்சா நீங்க அங்கேயே இருக்கணும்ல? ஒரு சின்ன சம்மதம் மட்டும்க்கா. லிங்க் அனுப்பியிருக்கேன், விரலால போட்டா போதும்."

அப்போது பஸ்ஸில் இருந்தாள். பாலம் வரப் போகிறது. கண்ணை மூடுவதற்குள் முடித்துவிடலாம் என்று விரலால் கிறுக்கி அனுப்பினாள். பிறர் எழுதியதை வரி விடாமல் படித்தே பதினான்கு வருடம் சாப்பிட்டவள், தன் கடிதத்தை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எல்லாரும் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அப்படித்தான் செய்வது என்று மூணாம் மேஜை சொல்லியிருந்தார்.

அந்த மூணாம் மேஜைதான் ஒரு திங்கட்கிழமை, டெண்டர் மூடுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, காபி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"என்ன பாலம், ரெண்டு பக்கமும் துண்டு போட்டு வச்சாச்சா?"

"போட்டாச்சு. நமக்குச் சாதாரண ஃபார்ம் இல்லையாமே. என்னை முக்கியப் பணியாளர்னு போட்டிருக்காங்க."

"யாரு?"

"ரெண்டு பேரும்."

மூணாம் மேஜையின் கையிலிருந்த காபி அப்படியே நின்றது. நான்கு கம்பெனி பார்த்த முகத்தில் அதுவரை அவள் பார்த்திராத ஒன்று ஓடியது.

"நாலாவது வரி படிச்சியா?"

"எந்த நாலாவது வரி?"

"நாங்க போட்டது சும்மா சாதாரண ஃபார்ம்தான். நூறு பேருக்குக்கூடப் போட்டுக் குடுக்கலாம். முக்கியப் பணியாளர்னா ஒருத்தருக்குத்தான் குடுக்க முடியும். போய்ப் படி."

போய்ப் படித்தாள். இரண்டு கடிதத்திலும் நாலாவது வரி ஒன்றுதான்: 'இத்தகைய சம்மதத்தை வேறெந்த நிறுவனத்துக்கும் நான் அளிக்கவில்லை, அளிக்கவும் மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.' கீழே இன்னொரு வரி: பொய்யெனத் தெரிந்தால் டெண்டரிலிருந்து அந்தப் பெயர் நீக்கப்படும், அந்த நபர் அரசாங்கக் கான்ட்ராக்ட் எதிலும் ஐந்து வருடம் வேலை பார்க்க முடியாது.

ஐந்து வருடம். அப்புறம் ஐம்பத்தாறு. பார்க்காத பாலங்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஐம்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு உலகத்தில் வேறெங்கே வேலை இருக்கிறது? பாலம் வைத்திருப்பது அரசாங்கம் மட்டும்தானே.

உட்கார்ந்த இடத்தில் அவளுக்கு இன்னொருவர் ஞாபகம் வந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பரிசோதகர், இருநூறு மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு பாலங்களை ஒரே நாளில் ஒரே மணிக்குப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவள்தான் சிவப்பு மையால் வட்டம் போட்டாள். 'ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க இயலாது' என்று குறிப்பும் எழுதினாள். எழுதிய வாக்கியம் நன்றாக வந்திருக்கிறதென்று அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷப்படவும் செய்தாள். அவருக்கு வேலை போயிற்று.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். மகள் கல்லூரிக் கடைசி வருடம். அம்மாவின் பிரச்சினை எதுவும் பத்து நிமிடத்தில் தீரும் என்று நம்புகிற வயது.

"சிம்பிள்மா. எது ஜெயிக்குமோ அதை வச்சுக்கோ. இன்னொன்னக் கேன்சல் பண்ணு."

"எது ஜெயிக்கும்னு எனக்கு எப்படிடீ தெரியும்?"

"பதினாலு வருஷமா உள்ளேயே இருக்க, அதுகூடத் தெரியாதா?"

"உள்ள இருக்கறவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "முதல்ல யாருக்கு வாக்குக் குடுத்த? அவங்களுக்கு இரு. இன்னொருத்தர்கிட்ட தப்பாயிடுச்சுன்னு சொல்லு. இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு பெடலையும் சேத்து மிதிச்சா வண்டி நடு ரோட்ல நின்னுடும்."

"நீங்க எல்லாத்துக்கும் வண்டியக் கொண்டாந்துடுவீங்க."

"எனக்குத் தெரிஞ்சது வண்டிதானே!"

செவ்வாய்க்கிழமை பிஸ்கட்டுக்கு ஏழு முறை போன் செய்தாள். டெண்டர் எழுதும் அறையில் இருக்கிறார், அங்கே போன் வைத்திருக்க அனுமதியில்லை என்று தலைமை அலுவலகத்தில் ஒரு குரல் சொன்னது. ஏழாவது முறையும் அதே குரல், அதே வாக்கியம். முதல் முறையில் இருந்த 'மன்னிக்கணும்' மட்டும் இல்லை. போட்டிக் கம்பெனிப் பெண் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அந்த நாலாவது வரி..." என்று ஆரம்பித்தாள் இவள்.

"ஐயோ அக்கா, அதெல்லாம் சும்மா வக்கீலுங்க போடறது. நீங்க எங்ககிட்ட இருக்கீங்க. நிம்மதியா இருங்கக்கா!"

நிம்மதியாக இரு என்று யாராவது சொன்னால் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

புதன்கிழமை முழுவதும் ஒரே அறிக்கையை நான்கு முறை படித்தாள். தூண்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது. பிற்பகல் நாலு பத்துக்குப் போட்டிக் கம்பெனிக்கு ஈமெயில் எழுதினாள். ஏற்கெனவே வேறொரு நிறுவனத்துக்குச் சம்மதம் தந்திருப்பதை மறந்து கையெழுத்திட்டுவிட்டேன், என் பெயரை நீக்கிவிடுங்கள், மன்னிக்கவும். மூன்று வரிகளை இருபது முறை படித்துவிட்டு அனுப்பினாள். நெஞ்சிலிருந்து யாரோ இறங்கிப் போனது போல இருந்தது.

அப்படி இருந்தது இருபது நிமிடம். நாலரைக்கு லிஃப்ட் கதவு திறந்து பிஸ்கட் வெளியே வந்தார். அது பிஸ்கட் வருகிற மாதமே இல்லை. ஆனால் டின் கொண்டுவந்திருந்தார். வழக்கத்தைவிடப் பெரிய டின்.

"மேடம், போன் பண்ணீங்களாம். நானே பாக்கணும்னு இருந்தேன். ஒரு சின்ன மாற்றம்."

"சொல்லுங்க சார்."

"முக்கியப் பணியாளர் லிஸ்ட்ல உங்களுக்குப் பதிலா இன்னொருத்தரப் போட்டுட்டோம். அவர்கிட்ட ஒரு சர்ட்டிஃபிகேட் இருக்கு, அதுக்குத் தனி மார்க். பாலம்லாம் அவருக்குத் தெரியாது. அதனால ஒண்ணும் இல்ல, நாம ஜெயிச்சா நீங்க சொல்லிக் குடுத்துடுவீங்க."

"நான் எதுவா இருப்பேன் சார்?"

"நீங்க எப்பவும் போலத்தான் மேடம். குடும்பத்துல ஒருத்தர்." டின்னைத் திறந்து நீட்டினார். "எடுத்துக்கங்க."

ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். வாயில் போட்ட பிறகுதான் நினைத்தாள்: இதை முன்பே போனில் சொல்லியிருந்தால் அந்த ஈமெயிலே எழுதியிருக்க வேண்டாம். ஏழு முறை கூப்பிட்டோமே. திங்கட்கிழமை அவள் இரண்டு இடத்தில் இருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் எந்த இடத்திலும் இல்லை. நேர்மையாக நடந்துகொண்ட நிம்மதி இருபது நிமிடத்துக்கு மேல் நிலைக்கவில்லை.

"திரும்பப் போன் பண்ணி, அந்த மெயில மறந்துடுங்கன்னு சொல்லேன்" என்றார் மூணாம் மேஜை, வியாழக்கிழமை காலை.

"என்னன்னு சொல்றது? இவங்க வேண்டான்னுட்டாங்க, அதனால உங்ககிட்ட வரேன்னா?"

"ஆமா. உலகத்துல எல்லாரும் அதானே செய்யறாங்க?"

அவள் போன் செய்யவில்லை. கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி அடித்தது. டெண்டர் பெட்டியை மூடிவிட்டார்கள்.

பிறகு ஏழு வாரம். டெண்டரை மதிப்பிடும் குழுவில் பிரிவு அதிகாரியும் ஒருவர். அதனால் முடிவு வரும்வரை ஆரஞ்சுப் பட்டைக்காரர்களோடு தேவையில்லாமல் பேசக் கூடாது என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. ஜன்னலிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார். அறிக்கைகள் காகிதமாக வந்து மேஜையில் விழுந்தன. அவர் நடந்து போகும்போது இவள் அவர் செருமலைக் கவனிப்பாள். இரண்டு தடவை செருமினால் கெட்ட செய்தியா? கோப்பைக் கக்கத்தில் வைத்திருந்தார், கையில் வைத்திருக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம்? ஒரு நாள் அவர் இவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அன்றைக்கு இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பாவப்பட்டுச் சிரிச்சாரோ?" என்று கேட்டாள்.

"பல்லு வலியா இருக்கும்" என்றார் மூணாம் மேஜை. "நீ இப்படியே போனா கான்ட்ராக்ட் முடியறதுக்கு முன்னாடி நீ முடிஞ்சிடுவ."

வீட்டில் வாஷிங் மெஷின் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டாள். மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் பயிற்சிக் காரில் உட்கார வைத்து, காற்றாட ஊருக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு சின்னப் பாலம் வந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"என்ன ஆச்சு?"

"இது ரெண்டாயிரத்து எழுபத்தாறாம் நம்பர் பாலம். இடது பக்கத் தாங்கி மாத்தணும். நான் எழுதி மூணு வருஷம் ஆச்சு."

மாஸ்டர் இறங்கி, குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மாத்திட்டாங்க. புதுசாத்தான் இருக்கு, பளபளன்னு."

அவளும் இறங்கிப் பார்த்தாள். உண்மைதான். தான் எழுதியது ஒன்று இரும்பாக மாறி நிற்பதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். அது சந்தோஷம் தந்திருக்க வேண்டும். அவளுக்கு அழுகை வந்தது. இந்த வேலை தனக்கு இவ்வளவு தேவை என்பது அதுவரை அவளுக்கே தெரியாது.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. போட்டிக் கம்பெனி ஜெயித்துவிட்டது. பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து போன்.

"அக்கா! வாழ்த்துகள்! உங்க பயோடேட்டாவுக்கு முழு மார்க்காம். திங்கக்கிழமை பத்து மணிக்கு ஒரே ஒரு கையெழுத்து, முடிஞ்சது. உங்களுக்கு எங்க கம்பெனிப் பச்சைப் பட்டை ரெடி!"

"என் பயோடேட்டாவா?"

"பின்ன யாரோடது? நீங்கதானே முக்கியப் பணியாளர்!"

அவளுடைய ஈமெயிலை யாரும் படிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெட்டியில் எங்கோ நூறு ஈமெயில்களுக்கு அடியில் அது திறக்காமலே கிடந்தது. விலகிவிட்ட இடத்தில் அவள் இத்தனை வாரமும் இருந்திருக்கிறாள். போதாக்குறைக்கு, முழு மதிப்பெண் வேறு.

திங்கட்கிழமை போட வேண்டிய படிவத்தின் நகல் ஈமெயிலில் வந்திருந்தது. இந்த முறை வரி வரியாகப் படித்தாள். 'சம்மதம் அளித்த நாள் முதல் இன்று வரை அதை நான் எந்நேரத்திலும் திரும்பப் பெறவில்லை.' அதற்குக் கீழேயும் அதே ஐந்து வருடம்.

"போட்டுடு" என்றார் மாஸ்டர், சனிக்கிழமை காலை.

"பொய்னு தெரிஞ்சுமா?"

"அவங்களே படிக்கல. நீ எதுக்குப் படிச்சுக் காட்டற?"

"முதல்ல வாக்குக் குடுத்தவங்ககூட இருன்னு சொன்னது யாரு?"

"நான்தான். அப்ப எது சரின்னு கேட்ட, சொன்னேன். இப்ப எது பொழைக்கும்னு கேக்கற."

"நான் அத கேக்கவே இல்லியே" என்றாள். மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்தார். மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அந்தப் பரிசோதகர்..." என்று ஆரம்பித்தாள்.

"யாரு?"

"ஒண்ணுமில்ல."

திங்கட்கிழமை பத்து மணிக்கு மீட்டிங் அறையில் நான்கு பேர். புதுக் கம்பெனியின் மேலாளர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு. சிரிப்புக் குரல் பெண்; நேரில் பார்த்தால் குரலைவிடக் களைப்பாக இருந்தாள். பிரிவு அதிகாரி, சாட்சிக் கையெழுத்துக்கு. பாலம் மேடம், வரிசை எண் அச்சடித்த படிவத்துக்கு முன்னால். படிவத்தின் அடியில் 'குறிப்பு ஏதேனும் இருப்பின்' என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

முதலில் குறிப்பில் எழுதினாள்: இன்ன தேதி, புதன்கிழமை, பிற்பகல் நாலு பத்துக்கு ஈமெயில் மூலம் சம்மதத்தைத் திரும்பப் பெற்றேன். இன்று மீண்டும் தருகிறேன். பிறகு அந்தப் பொய் வாக்கியத்தை ஒரு கோடு போட்டு அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.

மேலாளர் படித்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். பெண் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். தேடத் தேட அவள் காது சிவந்தது.

"மேடம், இது தேவையா? வேற ஃபார்ம் தரேன், சுத்தமா போட்டுடுங்க."

"நம்பர் போட்ட ஃபார்ம் சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கிழிச்சா கிழிச்சதுக்கு ஒரு குறிப்பு எழுதணும்."

பிரிவு அதிகாரி படிவத்தை இழுத்து இரண்டு முறை படித்தார். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக ஜன்னலிடம் பேசாமல் அவளை நேராகப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"தெரியல சார்."

"இத நான் சட்டப் பிரிவுக்கு அனுப்பித்தான் ஆகணும்."

"அனுப்புங்க சார்."

"அவங்க பதில் சொல்ற வரைக்கும் உங்களுக்குப் பட்டை குடுக்க முடியாது. போகச் சொல்லவும் முடியாது. முக்கியப் பணியாளர் இல்லன்னா கான்ட்ராக்டே ஆரம்பிக்காது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பார்வையாளர் பாஸ்ல வாங்க. வாரா வாரம் புதுசா எழுதி வாங்கிக்கணும்."

சட்டப் பிரிவு மூன்று வாரத்தில் பதில் தரும் என்றார்கள். இப்போது ஏழு மாதம் ஆகிறது. கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு ஒரு நீளமான ஈமெயில் அனுப்பினாள். அதைப் பாலம் மேடம் உடனே திறந்து படித்தாள். மூணாம் மேஜை பச்சைப் பட்டைக்கு மாறிவிட்டார், நாற்காலியிலிருந்து எழாமலே. சர்ட்டிஃபிகேட் வைத்திருந்தவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. பாலங்களின் அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன, அவளும் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறாள். சட்டப் பிரிவிலிருந்து வந்ததோ என்று ஒவ்வொரு பழுப்பு உறையையும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறாள். மாத்திரை மூன்று வேளை ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலைகளில் கீழ்த்தளத்து வரவேற்பு மேஜையில் பாஸ் எழுத வேண்டும். 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் முதல் வாரம் நாலு வரி விளக்கம் எழுதினாள். இப்போது 'வேலை' என்று மட்டும் எழுதுகிறாள். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் பிரிவு அதிகாரியின் பெயர்.

போன வாரம் பிரிவு அதிகாரி லீவு. லீவில் இருப்பவரைப் பார்க்க வந்ததாக எழுதினால் கம்ப்யூட்டர் பாஸ் தராது. காவலர் பெண் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டு யோசித்தாள்.

"நாலாம் மாடியில வேற யார் பேராவது சொல்லுங்க மேடம். லிஸ்ட்ல இருக்கணும்."

"லிஸ்ட்ல யார் யார் இருக்காங்க?"

காவலர் திரையை உருட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "உங்க பேர் இருக்கு மேடம். முக்கியப் பணியாளர்னு போட்டிருக்கு."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அவளுடைய மேஜையில் வடக்கேயிருந்து வந்த பதினோரு அறிக்கைகள் காத்திருந்தன. அதில் ஒரு பாலத்தைப் பற்றி அவளுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்தே மனசு சரியில்லை.

"அதையே போடுங்க" என்றாள்.

காவலர் பெண் பெயரைத் தட்டினாள். விதிப்படி மேலே போன் செய்து, வந்திருப்பவரைச் சந்திக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். நான்காம் மாடியில், ஜன்னலோரம் யாரும் இல்லாத அவளுடைய மேஜையில் போன் அடித்தது. ஒன்பதாவது மணியில் மூணாம் மேஜை கையை நீட்டி எடுத்தார்.

மேடத்தைப் பார்க்க ஒருவர் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, காவலர் கேட்டுக்கொண்டே தலையாட்டினாள். பிறகு போனின் வாயைப் பொத்திக்கொண்டு இவளைப் பார்த்தாள்.

"மேடம் இன்னும் வரலையாம். வர வரைக்கும் உங்களை உக்காரச் சொன்னாங்க."

சோபாவில் இடம் இருந்தது. பாலம் மேடம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.